இல்லாதவர்க்கு இரங்கும் கண்ணீர்

அழுவதற்கு மனிதருக்குக் காரணங்கள் என்றும் குறைந்ததில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தபோது நகைக்கு அடுத்த இடத்தை அழுகைக்கே தந்தார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என அதற்கு நான்கு நிலைக்களன்களையும் கூறினார். பிறரால் இகழப்படுதல், உயிரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தளர்தல், இல்லாமையால் வாடுதல் ஆகிய இவை தமக்கு நேர்ந்தாலும் பிறர்க்கு நேர்ந்தாலும் கண்ணீருக்கு இடமாவதை நாம் அறிவோம். ஆயின், அந்தப் பிறர் என்பவர் எங்குமே பிறவாதவராக இருந்தால்? அவர் வாழ்ந்த நாடு எந்த நிலப்படத்திலும் இல்லாததாக இருந்தால்? அவர்க்காக அழுவதும், அழுவதோடு நில்லாமல் நாட்கணக்கில் அமர்ந்து அவர்தம் இறப்பைப் படமாக எழுதுவதும் அறிவுடைமையாகுமா? அறமாகுமா?

இந்த வினா நூலகத்தில் பிறந்ததன்று. தில்லியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த எங்கள் மகள் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு நெடிய நடுகல். அதன் அடியில் ஒரு கிழவர், ஒரு கிழவி. மேற்கே மறையும் ஞாயிறு. ஒன்பது நாட்களாக அதே படம். பத்தாம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அவள் கண்கள் சிவந்திருக்கக் கண்டு காரணம் வினவினோம்.

"மோர்வென் செத்துப்போகிறாள், அப்பா" என்றாள்.

மோர்வென் யாரென்று கேட்டோம். ஆங்கிலக் கதையொன்றில் வருபவள் என்றாள். "அப்பத்தா இறந்தபோது அழாதவள், இல்லாத ஒருத்திக்கு அழுகின்றாயா?" என்று சினத்தில் சொல்லிவிட்டோம். சொல்லியிருக்கக் கூடாது. அவள் விடை கூறவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த ஒரு சொல்லுக்கு ஈடு செய்யும் எண்ணத்தோடு அவள் படித்த நூலை நாங்களும் வாங்கிப் படித்தோம். படித்த பின்னர் எழுந்த சிந்தனைகளையே இங்கு வாசகர் முன் வைக்கின்றோம்.

கதை

அந்நூல் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'ஹூரினின் மக்கள்'. டோல்கீன் (1892–1973) ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழியும் பழைய இலக்கியமும் கற்பித்த பேராசிரியர். விந்தைப் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்றவர். இக்கதையின் சுருக்கம் 1977-இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' என்னும் நூலில் உண்டு. தந்தை விட்டுச் சென்ற கைப்படிகளைத் தொகுத்து, முழுக் கதையையும் அவர் மகன் கிறிஸ்டபர் 2007-இல் ஆலன் லீ என்பாரின் ஓவியங்களோடு வெளியிட்டார்.

ஹூரின் என்னும் வீரன் போரில் பகைவனாகிய மோர்கோத்தின் கையில் சிக்குகின்றான். மறைந்திருக்கும் நகரம் ஒன்றின் இருப்பிடத்தைக் கூற மறுக்கின்றான். மோர்கோத் அவனைக் கொல்லவில்லை. மலைமேல் ஒரு கல் நாற்காலியில் அமர்த்தி, தன் கண்ணாலேயே காணவும் தன் செவியாலேயே கேட்கவும் சபித்து, அவன் மக்களுக்கு வரும் கேடுகளையெல்லாம் பார்க்கச் செய்கின்றான். இருபத்தெட்டு ஆண்டுகள் ஹூரின் அவ்வாறு பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

அவன் காண்பவை கொடியவை. மகன் தூரின், தன்னைச் சிறைமீட்க இருளில் வந்த நண்பன் பெலெக்கைப் பகைவனென்று கருதிக் கொன்றுவிடுகின்றான். மின்னல் ஒளியில்தான் முகம் தெரிகின்றது. மகள் நீனோர் ஒரு பறவைநாகத்தின் மாயத்தால் தன் பெயரையும் மறக்கின்றாள். பிரிந்து வளர்ந்த அவ்விருவரும் உடன்பிறந்தோர் என்பதை அறியாமலே மணம் செய்துகொள்கின்றனர். உண்மை வெளிப்பட்டபோது அவள் ஆற்றுப் பள்ளத்தில் பாய்கின்றாள். அவன் தன் வாளின்மேல் வீழ்கின்றான்.

அதன் பின்னரே ஹூரின் விடுவிக்கப்படுகின்றான். மக்களின் பெயர் பொறித்த கல்லைத் தேடி வருகின்றான். அதன் நிழலில் ஒரு கிழவி அமர்ந்திருக்கின்றாள். அவள் மனைவி மோர்வென். மகள் தன் அண்ணனை எவ்வாறு கண்டடைந்தாள் என்று மட்டும் அவள் கேட்கின்றாள். அனைத்தையும் கண்டிருந்த ஹூரின் விடை கூறவில்லை. ஞாயிறு மறையும் வேளையில் அவன் கையைப் பற்றியவாறே அவள் உயிர் அடங்குகின்றது.

எங்கள் மகள் வரைந்தது இக்காட்சியைத்தான்.

இக்கதையின் வேர் பின்லாந்தில் உள்ளது. எலியாஸ் லோன்ரோட் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி 1835-இலும், விரிவாக்கி 1849-இலும் வெளியிட்ட 'கலேவலா' என்னும் காப்பியத்தில் குல்லர்வோ என்னும் இளைஞனின் அவல வரலாறு உண்டு. அறியாமல் உடன்பிறந்தாளைச் சேர்தலும், அவள் ஆற்றில் பாய்தலும், அவன் வாளில் மாய்தலும் அங்கும் உள்ளன. மாணவராக இருந்தபோதே டோல்கீன் அக்கதையைத் தம் நடையில் எழுத முயன்றார். பின்னர் முதல் உலகப் போரில் 1916-இல் சோம் போர்க்களத்தில் பணியாற்றினார். அவரோடு சேர்ந்து நால்வராக விளங்கிய பள்ளித் தோழருள் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர். இல்லாத நாட்டின் துயரைப் பாடியவர் இருக்கும் நாட்டின் துயரை அறியாதவரல்லர்.

வரைவோர்

டோல்கீனின் கதைகளைப் படித்த பலர், எவரும் பணிக்காமல், எவரிடமும் ஊதியம் பெறாமல், தாமே படம் வரைந்துள்ளனர். டென்மார்க்கின் இளவரசியாக இருந்து 1972-இல் அரசியான மார்கரெத் அவர்கள் அத்தகைய வாசகருள் ஒருவர். அவர் தம் வரைபடங்களை டோல்கீனுக்கு அனுப்பினார். அவற்றைத் தழுவிய படங்கள் 1977-இல் 'மோதிரங்களின் தலைவன்' நூலின் ஆங்கிலப் பதிப்பொன்றில் புனைபெயரோடு வெளிவந்தன. கனடாவின் டெட் நாஸ்மித் இளமையில் தம் ஓவியங்களின் ஒளிப்படங்களை ஆசிரியருக்கு அனுப்பி மறுமொழி பெற்றவர். அவருடைய ஓவியங்களோடு 'சில்மரில்லியன்' 1998-இல் வெளிவந்தது. இன்று கணினித் திரையில் வரைந்து உலகெங்கும் காட்டும் இளைஞர்களுக்கு அளவில்லை. அவர்கள் விரும்பி எடுப்பவை வெற்றிக் காட்சிகள் மட்டுமல்ல. மின்னலில் பெலெக்கின் முகத்தைக் காணும் தூரின், ஆற்றின் விளிம்பில் நிற்கும் நீனோர், கல்லடியில் இரு முதியோர் ஆகியவற்றையே மீண்டும் மீண்டும் வரைகின்றனர்.

வியப்பு என்னவெனில், டோல்கீன் விந்தைக் கதைகளுக்குப் படம் தேவையில்லை என்னும் கருத்துடையவர். 1939-இல் ஆற்றிப் பின்னர் 1947-இல் அச்சேற்றிய சொற்பொழிவில் அதனை விளக்கினார். மலை என்னும் சொல்லைப் படிக்கும் ஒவ்வொருவரும் தாம் கண்ட மலைகளிலிருந்து ஒரு மலையை உள்ளத்தில் எழுப்பிக்கொள்வர். ஓவியமோ ஒரே மலையைக் காட்டி ஏனையவற்றை மறைத்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். இத்தனைக்கும் 1937-இல் வந்த தம் 'ஹாபிட்' நூலுக்குத் தாமே படம் வரைந்தவர் அவர்!

அவர் வாதம் ஓவியத்தைக் காண்பவருக்குப் பொருந்தலாம். வரைபவருக்குப் பொருந்துமா என்பதே எங்கள் ஐயம். படிப்பவர் ஒரு பக்கத்தை இரண்டு நிமிடங்களில் கடந்துவிடலாம். வரைபவர் கடக்க முடியாது. கிழவி கையைப் பற்றினாள் என்று ஆசிரியர் எழுதிவிட்டார். எந்தக் கை? விரல்கள் இறுகியிருந்தனவா, தளர்ந்திருந்தனவா? கிழவன் அவளைப் பார்த்தானா, கல்லைப் பார்த்தானா? இவ்வினாக்களுக்கு விடை தேடாமல் ஒரு கோடும் இழுக்க இயலாது. விடையை வரைபவர் தம் உள்ளத்திலிருந்தும் தாம் கண்ட மனிதரிடமிருந்துமே எடுக்க வேண்டும். கண்ணீர் நொடியில் உலரும். ஒரு கையைச் சரியாக வரைய மூன்று நாட்கள் ஆகும். பிறர் துயரின் அருகில் மூன்று நாட்கள் அமர்ந்திருப்பது எளிய செயலன்று.

இரண்டு கண்டனங்கள்

இதற்கு எதிராகச் சான்றோர் கூறியவற்றையும் மறைத்தல் ஆகாது. புனித அகஸ்டின் தம் வாழ்க்கை வரலாற்றில், இளமையில் வர்ஜிலின் காப்பியத்தில் வரும் தீதோ என்னும் அரசி மாண்டதற்கு அழுததையும், அவ்வேளையில் தம் உயிர் நெறி தவறிச் சாவதற்கு அழாததையும் எண்ணி வருந்துகின்றார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1758-இல் நாடக அரங்கை எதிர்த்து எழுதிய மடலில் இன்னும் கடுமையாகப் பேசுகின்றார். கட்டுக்கதைக்குக் கண்ணீர் விட்டவன் தன் கடமை தீர்ந்ததென மகிழ்ந்து வீடு செல்கின்றான். உண்மையில் துன்புறுவோர்க்கு உதவப் பொருளும் உழைப்பும் வேண்டும், கதைக்கோ கண்ணீரே போதும் என்பது அவர் குற்றச்சாட்டு.

மற்றொரு கண்டனம் ஓவியத்துக்கே உரியது. அது துயரை அழகாக்கிவிடுகின்றது. இறந்தவன் முகத்தில் வடுவில்லை. கூந்தல் காற்றில் அலைகின்றது. குருதியும் செம்மலர் போல் தோன்றுகின்றது. இத்தகைய படங்கள் பலவற்றை நாங்களும் கண்டோம். வரைந்தவர் திறமையை வியந்தோமேயன்றி, யாருக்காகவும் நெஞ்சு நோகவில்லை. துன்பத்தை அணிகலனாக்குவது ஒரு வகையில் துன்புற்றவரை இகழ்வதேயாகும்.

ஆகவே, கற்பனைத் துயருக்கு இரங்குவதெல்லாம் நன்று என்று கூற நாங்கள் முன்வரவில்லை. எது நன்று, எது வீண் என்று பிரித்தறியும் அளவுகோல் ஏதேனும் உண்டா என்பதே கேள்வி.

நாற்காலியும் வாரியும்

அந்த அளவுகோல் இக்கதைகளுக்குள்ளேயே கிடைக்கின்றது என்பது எங்கள் எண்ணம்.

மோர்கோத் ஹூரினுக்கு அளித்த தண்டனை யாது? பார்வையாளனாக இருக்கும் தண்டனை. அவன் எல்லாவற்றையும் காண்கின்றான். எழுந்து ஓர் அடி வைக்க இயலாது. காண்பதும் பகைவனின் கண்ணால். அக்கண் பொய்யும் திரிபும் கலந்தே காட்டுகின்றது. துயரைக் காண்பது மட்டுமே அருளாகுமென்றால் உலகில் அவனைவிட அருளாளன் இல்லை. ஆனால் அந்தக் காட்சி அவனை நஞ்சாக்கியது. விடுதலை பெற்ற பின்னும் அவன் சென்ற இடங்களில் கேடே விளைந்தது.

இனி, கலேவலாவில் மற்றொரு காட்சி. லெம்மின்கெய்னென் என்னும் இளைஞன் கொல்லப்பட்டு, துண்டு துண்டாக இறப்புலகின் ஆற்றில் எறியப்படுகின்றான். அவன் தாய் கொல்லனிடம் சென்று, நீண்ட பற்களையுடைய வாரி ஒன்று செய்து வாங்குகின்றாள். ஆற்றில் இறங்கி, மகனின் உடலைத் துண்டு துண்டாக வாரிச் சேர்க்கின்றாள். எலும்போடு எலும்பும் நரம்போடு நரம்பும் பொருத்துகின்றாள். உயிர் தரும் தேனைக் கொணரத் தேனீயை விண்ணுலகுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றாள். அந்தக் காத்திருப்பைப் பின்லாந்தின் ஓவியர் அக்செலி கல்லென்-கல்லேலா 1897-இல் தீட்டினார். கரிய ஆறு, எலும்புகள் சிதறிய கற்கரை, மகனின் உடலருகே அமர்ந்து, மேலிருந்து விழும் ஒளிக்கதிரை நோக்கும் தாய். ஹெல்சிங்கியின் கலைக்கூடத்தில் உள்ள இவ்வோவியத்தைப் பின்லாந்து மக்கள் தங்கள் சொத்தாகப் போற்றுகின்றனர்.

கல்லென்-கல்லேலா 1895-இல் தம் சிறு மகளை நோய்க்குப் பறிகொடுத்தவர். மகள் மறைந்தபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். ஓவியத்தில் உள்ள தாய்க்குத் தம் சொந்தத் தாயையே மாதிரியாக அமர்த்தி வரைந்தார். இல்லாத ஒருத்தியின் முகத்தில் இருந்த ஒருத்தியின் முகம் வந்து அமர்ந்தது. அக்கண்ணீர் யாருக்கு என்று பிரித்துச் சொல்ல யாரால் இயலும்?

ஒருத்தி துயரில் இறங்கி வாரிச் சேர்க்கின்றாள். ஒருவன் நாற்காலியில் அமர்ந்து பார்க்கின்றான். கதையைப் படித்தபின் நாம் இவ்விருவருள் யாரைப் போல் ஆகின்றோம் என்பதே நாங்கள் தேடிய அளவுகோல்.

எங்கள் நாற்காலி

இதை எழுதும்போது எங்கள் நாற்காலியை மறைப்பது நேர்மையன்று. எங்கள் அலுவற்பணி குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு கோப்பிலும் ஓர் இறப்புச் சான்றிதழ் உண்டு. நாளொன்றுக்கு ஏழெட்டு இறப்புகள் எங்கள் மேசையைக் கடந்து செல்லும். இருபது ஆண்டுகளில் ஒன்றுக்கேனும் கண் கலங்கியதாக நினைவில்லை. கலங்கினால் வேலை ஓடாது என்பதும் உண்மையே.

அந்நாட்களில் கைம்பெண் ஒருவரின் விண்ணப்பத்தை இருமுறை திருப்பியிருந்தோம். பணிப் பதிவேட்டில் அவர் பெயர் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தது. 'பெயர் வேறுபாடு, திருப்பப்படுகிறது' என்று குறிப்பெழுதினோம். விதிப்படி பிழையில்லை. எந்தத் தாளைக் கொடுத்தால் குறை தீரும் என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவர் முகத்தை நாங்கள் கண்டதில்லை. எங்களுக்கு அவரும் மோர்வெனைப் போலவே காகிதத்தில் மட்டும் இருந்தவர். வேறுபாடு ஒன்றுதான்: மோர்வெனின் கை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எங்கள் மகள் ஒன்பது நாட்கள் செலவிட்டாள், இவருக்காக நாங்கள் ஒன்பது நொடிகளும் செலவிடவில்லை.

மூன்றாம் முறை கோப்பு வந்தபோது தொலைபேசியில் அவரை அழைத்து, ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதுமென்று கூறி, அதன் வாசகத்தையும் எழுதி அனுப்பினோம். வேலை முடிந்தது. இது அந்தக் கதையால் நேர்ந்ததென்று சூளுரைக்க மாட்டோம். மூன்றாம் முறை எப்படியும் செய்திருக்கலாம். ஆயினும் தொலைபேசியை எடுத்தபோது எங்கள் உள்ளத்தில் அந்தக் கல் நாற்காலி தோன்றியது என்பது மெய்.

சுருக்குப்பை

மகளின் படத்தை நாங்கள் பின்னரே முழுதாகக் கண்டோம். கேட்டுப் பெற்று, விளக்கின் கீழ் விரித்துப் பார்த்தோம். கிழவர் ஐரோப்பிய வீரர் போலவே இருந்தார். கிழவியின் நீண்ட உடையும் நூலில் உள்ளபடியே இருந்தது. ஆனால் அவள் இடுப்பில் ஒரு சுருக்குப்பை தொங்கியது. கட்டைவிரல் சற்றே வெளிப்புறம் வளைந்திருந்தது. அது எங்கள் தாயின் விரல். அரிவாள்மணையில் பட்டு, நேராகக் கூடாமற்போன விரல்.

அவர் மறைந்தது மகளின் தேர்வுக் காலத்தில். செய்தி விடியற்காலையில் வந்தது. சென்னைக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து பேருந்தில் மதுரைக்கு அப்பாலுள்ள எங்கள் சிற்றூரை அடைந்தபோது மறுநாள் விடிந்துவிட்டது. கோடை வெயிலில் வைத்திருக்க இயலாதென்று முதல்நாள் மாலையே எல்லாம் முடித்திருந்தனர். மகளை அழைத்துச் செல்லவில்லை. "அழுதால் படித்தது மறந்துபோகும், தேர்வை முடி" என்று கூறிவிட்டுச் சென்றவர்கள் நாங்கள்தாம். அவள் அதைக் கேட்டு நடந்தாள். ஆகவே அழவில்லை. பிறகு அழுவதற்கு அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் இரண்டு அறை வீட்டில் இல்லாத அந்த இடத்தை, எந்த நிலப்படத்திலும் இல்லாத நாட்டின் ஒரு நடுகல்லின் அடியில் அவள் கண்டுகொண்டாள்.

"அரசகுலத்துப் பெண்ணுக்குச் சுருக்குப்பை எதற்கம்மா?" என்று கேட்டோம்.

"அரசகுலமானாலும் கிழவிதானே, அப்பா. வெற்றிலை பாக்கை எங்கே வைப்பாள்?" என்றாள்.

அதற்குமேல் இருவராலும் பேச இயலவில்லை. எங்களுக்கும் அதுவரை அழ இடம் கிடைத்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

முடிவாக

அகஸ்டினும் ரூசோவும் கூறியதில் உண்மை உண்டு. கண்ணீரையே கடமையாகக் கொள்பவனுக்குக் கதை ஒரு மயக்க மருந்துதான். துயரை அலங்காரமாக்கும் ஓவியமும் அத்தகையதே. ஆனால் இல்லாதவர்க்கு இரங்கும் கண்ணீரெல்லாம் வீணென்பது பொருந்தாது. சில வேளைகளில் அது இருந்தவர்க்கு உரிய கண்ணீர், வழி தெரியாமல் சுற்றி வந்து சேர்வது. சில வேளைகளில் அது இருப்பவர்க்கு உரிய கைகளைப் பழக்குவது. இவ்விரண்டும் இல்லாதபோதுதான் அது வெறும் நாற்காலி.

ஊரை விட்டு ஓராயிரம் கல்லுக்கு அப்பால் பிள்ளைகளை வளர்க்கும் நாம், பாட்டியின் கடைசி நாளையும் தாத்தாவின் கடைசிச் சொல்லையும் அவர்களுக்குத் தொலைபேசிச் செய்தியாகவே தருகின்றோம். அவர்கள் ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு கதையைப் படித்துக் கண் கலங்கினால், அதை எள்ளி நகையாடுமுன், அவர்கள் வரைந்ததை ஒரு முறை அருகில் சென்று பார்ப்போமாக. அங்கே நமக்குத் தெரிந்தவர் யாரேனும் அமர்ந்திருக்கலாம்.